தோட்டாவை ஒவ்வொன்றாக ஏற்றுவது எப்படி: அமெரிக்க ரைஃபிள் போட்டிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

என் முதல் போட்டி. 600 கெஜக் கோட்டில் பாயில் குப்புறப் படுத்திருந்தேன். ‘வித் ஒன் ரவுண்ட், லோட்’ என்று ஒலிபெருக்கி சொன்னது. தோட்டாவை எடுத்து, பக்கவாட்டுத் திறப்பு வழியாக விரலாலேயே சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், தள்ளினேன். அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் துண்டுதான் போல்ட். அதை விடுவிக்கும் பொத்தானை நோக்கிக் கை போனது. பக்கத்துப் பாயிலிருந்த பெரியவர் ‘நிறுத்து’ என்று குரல் கொடுத்தார். அதட்டல் இல்லை, ஆனால் கை தானாக நின்றுவிட்டது. எனக்குக் காரணம் புரியவில்லை. துப்பாக்கிக்குள் தோட்டா போக வேண்டும், போகிறது, இதில் தவறு என்ன?

அந்தச் சுற்று முடிந்த பிறகு அவர் அரைமணி நேரம் விளக்கினார். அதை அவரிடமிருந்து கேட்க நான் 600 கெஜக் கோடு வரை போயிருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி விற்ற கடைக்காரர் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த கையேட்டை நான் படிக்கவில்லை. என்னைப் போல அமெரிக்காவுக்கு வந்து, வார இறுதியில் இந்த விளையாட்டில் இறங்க நினைக்கும் தமிழர்கள் சிலரை இப்போது பார்க்கிறேன். அவர்களுக்காகவே இது. தோட்டா ஏற்றுவதுதான் முக்கியமான பகுதி என்றாலும் தாள்களிலிருந்து தொடங்குகிறேன். தாள்கள் சரியில்லையென்றால் மற்றது எதுவும் தேவைப்படாது.

1. முதலில் விசாவைப் பாருங்கள்

குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி, தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டது. ‘வசம்’ என்றால் வீட்டில் வைத்திருப்பது மட்டுமல்ல. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கி நாலு தோட்டா சுடுவதும் அதில் அடங்கும். சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்களுக்கு எட்டக்கூடியது ஒன்றுதான்: ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். நீங்கள் வேட்டைக்குப் போக வேண்டும் என்பதில்லை, உரிமம் செல்லுபடியில் இருந்தால் போதும். பல மாநிலங்களில் அதற்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்கச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு வார இறுதியாவது ஒதுக்குங்கள்.

இங்கே இருக்கும் பொறி இதுதான்: சுடுதளத்தின் வரவேற்பு மேசையில் உங்கள் விசாவை யாரும் கேட்காமல் போகலாம். ‘ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் போனார்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒருவர் சொல்லலாம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஏதாவது ஆனால் போவது கிரீன் கார்டு விண்ணப்பம். உரிமத்தின் தேதியைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். துப்பாக்கி விற்பவரிடம் இதைக் கேட்காதீர்கள்.

2. வாங்கும்போது கேட்கும் தாள்கள்

உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். புகைப்படம் உள்ள அரசு அடையாள அட்டை வேண்டும், அதில் இப்போதைய வீட்டு முகவரி இருக்க வேண்டும். நான் வீடு மாறி எட்டு மாதமாகியும் ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரியே இருந்தது. கடையில் முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். புது முகவரியுள்ள வண்டிப் பதிவுச் சான்று போன்ற இன்னொரு அரசுத் தாளைச் சேர்த்துக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வங்கிக் கடிதம் உதவாது.

குடியுரிமை இல்லாதவர்கள் தங்கள் குடியேற்றத் துறை எண்ணையும் எழுத வேண்டும், கிரீன் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். வேட்டை உரிமத்தின் பேரில் வாங்குகிறவர்கள் அந்த உரிமத்தையும் கொண்டுபோக வேண்டும். கஞ்சா பற்றி ஒரு கேள்வி வரும். உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி கிடைக்கலாம், மத்தியச் சட்டத்தில் அது குற்றம்தான். பொய் எழுதுவதும் குற்றம்.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் மத்திய அரசின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். ‘மேலே செல்லலாம்’ என்ற பதில் சில நிமிடங்களிலேயே வரலாம். ‘தாமதம்’ என்று வந்தால் குறைந்தது மூன்று வேலை நாட்கள் காத்திருக்க வேண்டும். நம் பெயர்களில் முதல் பெயர், தந்தை பெயர் குழப்பம் இருப்பதால் ‘தாமதம்’ வந்தால் பதற வேண்டாம். போட்டிக்கு முந்தின வாரம் வாங்கப் போகாமல் இருந்தால் சரி. சில மாநிலங்கள் தனி அனுமதி, காத்திருப்பு நாட்கள், மேகஸின் (தோட்டாக்களை அடுக்கி மாட்டும் பெட்டி) கொள்ளளவு வரம்பு என்று மேலும் விதிகள் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் இருப்பவர் ஓஹையோ நண்பரிடம் யோசனை கேட்டு வாங்குவது வீண் செலவில் முடியும்.

3. எந்தத் துப்பாக்கி

இதில் நீண்ட விவாதம் வேண்டாம். சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சி.எம்.பி., நடத்தும் ‘சர்வீஸ் ரைஃபிள்’ பிரிவில் பெரும்பாலோர் ஏ.ஆர்-15 வகையைத்தான் சுடுகிறார்கள். விசை (டிரிகர்) குறைந்தது நாலரை பவுண்டு எடையைத் தாங்க வேண்டும், 4.5 மடங்குக்கு மேல் பெரிதாக்காத தொலைநோக்கி அனுமதி. குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்முறுக்கு ஏழு அல்லது எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருப்பதாக வாங்குங்கள். ஒன்பது அங்குல முறுக்கில் 600 கெஜத்துக்கு வேண்டிய நீளமான குண்டுகள் நிலை கொள்ளாது.

போட்டிக்கென்றே அமைத்த துப்பாக்கி ஏறக்குறைய 1,000 டாலரில் தொடங்கி 2,500 தாண்டும். ஆனால் முதல் போட்டிக்கு வாங்கவே தேவையில்லை. பல சங்கங்களில் இரவல் துப்பாக்கி தருகிறார்கள். ஓஹையோவின் கேம்ப் பெரியில் ஒவ்வொரு கோடையிலும் தேசியப் போட்டிகளோடு சேர்ந்து நடக்கும் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் துப்பாக்கியும் தோட்டாவும் அவர்களே கொடுக்கிறார்கள். அங்கே ஒரு நாள் போய்வந்த பிறகு பணத்தை எடுங்கள்.

4. ஏன் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை வாங்கிவிட்டு, கையால் ஒவ்வொன்றாக ஏற்றுவது விசித்திரமாகத்தான் தெரியும். இரண்டு காரணங்கள்.

ஒன்று, விதி. நிதானச் சுற்றுகளில், அதாவது 200 கெஜத்தில் நின்று சுடும் சுற்றிலும் 600 கெஜத்தில் படுத்துச் சுடும் சுற்றிலும், ஒரு தோட்டாவுக்கு மேல் துப்பாக்கிக்குள் இருக்கக் கூடாது. மேகஸினை நிரப்பிச் சுடுவது வேகச் சுற்றுகளில்தான்: 200 கெஜத்தில் உட்கார்ந்து 60 விநாடிகளில் பத்து, 300 கெஜத்தில் படுத்து 70 விநாடிகளில் பத்து.

இரண்டு, தோட்டாவின் நீளம். ஏ.ஆர்-15 மேகஸினுக்குள் ஏறக்குறைய 2.26 அங்குல நீளத்துக்கு மேல் தோட்டா நுழையாது. 69 கிரெய்ன், 77 கிரெய்ன் குண்டுகள் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) பொருத்திய தோட்டாக்கள் இந்த அளவுக்குள் அடங்கும். 600 கெஜத்தில் காற்றைத் தாங்குவதற்காகப் பலர் 80 கிரெய்ன் குண்டை, உதாரணமாக சியரா மேட்ச்கிங்கை, தாங்களே உறையில் பொருத்திக்கொள்கிறார்கள். அதை வெளியே நீட்டிப் பொருத்துவதால் தோட்டா பெரும்பாலும் 2.4 அங்குலத்தைத் தாண்டிவிடும். மேகஸினுக்குள் போகாது, கையால்தான் ஏற்ற வேண்டும்.

என் கருத்து: முதல் வருடம் கடையில் கிடைக்கும் 77 கிரெய்ன் போட்டித் தோட்டா போதும். ஒன்று ஒரு டாலருக்கு மேல் ஆகும், வலிக்கும்தான். ஆனால் காற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு 80 கிரெய்னால் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. நான் இரண்டாவது மாதமே 80-க்குத் தாவினேன், புள்ளிகள் ஏறவில்லை.

5. மேகஸின் இடத்தில் என்ன மாட்டுவது

மூன்று வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று தவறானது.

தவறான வழி நான் செய்தது: மேகஸின் இல்லாமல் தோட்டாவைச் சேம்பருக்குள் போட்டுவிட்டுப் போல்ட்டை விடுவது. ஏ.ஆர்-15இன் ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை, பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வில் கிடையாது, அது சுதந்திரமாக மிதக்கிறது. போல்ட் முன்னால் ஓடி மோதி நிற்கும்போது, பின் தன் வேகத்திலேயே முன்னே போய்த் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரை (குத்தினால் தீப்பொறி தரும் சிறு மூடியை) லேசாக முத்தமிட்டுவிட்டுத் திரும்பும். வழக்கமாக இதில் ஆபத்தில்லை. போல்ட் மேகஸினிலிருந்து தோட்டாவை உரித்தெடுத்து, சரிவில் ஏற்றி, சேம்பருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த உழைப்பிலேயே வேகம் குறைந்துவிடும். மாட்டு வண்டிக்குச் சுமை இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா ஏற்கெனவே சேம்பருக்குள் இருந்தால் சுமை இல்லை. போல்ட் வெறும் வண்டியாக ஓடிவந்து மோதும், பின் அந்த அளவுக்கு ஆழமாகக் குத்தும். பிரைமர் மென்மையானதாகவோ சற்று வெளியே துருத்திக்கொண்டோ இருந்தால், விசையைத் தொடாமலேயே வெடிக்க வாய்ப்புண்டு. குழல் அந்த நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறதோ, குண்டு அங்கே போகும்.

சரியான வழிகளில் முதலாவது செலவில்லாதது. காலி மேகஸினையே மாட்டி, அதன் உள்ளே வில்லின்மேல் உட்கார்ந்திருக்கும் ஃபாலோயர் தட்டின்மேல் தோட்டாவை வைத்துப் போல்ட்டை விடுவது. மேகஸின் நீளத்துக்குள் அடங்கும் தோட்டாக்களுக்கு இது போதும். தட்டு ஆடும் மலிவு மேகஸின்களில் தோட்டா உருண்டு கோணலாகும் என்பது மட்டும்தான் தொல்லை.

இரண்டாவது, இதற்கென்றே விற்கும் ஒற்றை ஏற்றுத் தட்டு. சுடுபவர்கள் ‘ஸ்லெட்’ என்பார்கள். ஏ.ஆர்-15க்கு ‘பாப் ஸ்லெட்’ என்ற பெயரில் கிடைப்பது பரவலானது. பார்க்க மேகஸின் போல இருக்கும், உள்ளே வில்லுக்குப் பதில் ஒரு சரிவான மேடை. தோட்டாவை அதில் வைத்தால் தானே சேம்பரின் வாய்க்கு நேராக நிற்கும். நீளமான தோட்டாவும் இடிக்காது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் பின்னால் திறந்தே நிற்கும், அதுதான் பெரிய வசதி. விலை சுமார் 40 டாலர். வாங்குமுன் நீங்கள் போகும் போட்டியின் விதிப் புத்தகத்தில் மேகஸின் பற்றிய பகுதியைப் படியுங்கள். சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் துப்பாக்கியின் வெளித்தோற்றம் பற்றிக் கறாராக இருப்பார்கள், வெளி அளவு சாதாரண மேகஸின் போல இருக்கும் தட்டையே வாங்குங்கள். முப்பது தோட்டா மேகஸின் படுத்திருக்கும்போது தரையில் இடித்து நிலையைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

6. கை செய்ய வேண்டிய வேலை

வலது கைப் பழக்கம் உள்ளவர் படுத்துச் சுடுவதை வைத்துச் சொல்கிறேன். இடது கை துப்பாக்கியின் தோல் வாரில் இறுகி, துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது அசையக் கூடாது. இருபது தோட்டாவுக்கும் அதே இடத்தில் இருந்தால்தான் இருபதும் ஒரே இடத்தில் விழும். எல்லா வேலையும் வலது கைக்கு.

தோட்டாக்களைத் துளையிட்ட கட்டையில் முனை மேலாக நிறுத்தி, பாயின் வலது ஓரத்தில், முழங்கையை நகர்த்தாமல் எட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்டியிலிருந்து துழாவி எடுத்தால் தலை திரும்பும், கன்னம் தூக்கும், நிலை கலையும். எத்தனை சுட வேண்டுமோ அத்தனை மட்டும் கட்டையில் இருக்கட்டும். இரண்டு சோதனைத் தோட்டா, இருபது கணக்குத் தோட்டா என்றால் 22. கட்டை காலியானால் சுற்று முடிந்தது. மனத்தில் எண்ணிக்கொண்டிருந்து 21ஆவது தோட்டாவைச் சுட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டாவை அடிப்பக்கம் பிடித்து எடுங்கள். திறப்பு வழியாகத் தட்டின்மேல் கிடத்துங்கள். எறியாதீர்கள், முனையை இடிக்காதீர்கள். முனை சேம்பரை நோக்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு வலது கையைத் துப்பாக்கியின் மேலாக மறுபக்கம் கொண்டுபோய், இடப்பக்கத்திலுள்ள, போல்ட்டை விடுவிக்கும் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்துங்கள். விரல் விசைக்குப் பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது. குழல் குறிப்பலகையை நோக்கியே இருக்க வேண்டும். ஏற்றும் அந்த ஒரு நொடிதான் தானாக வெடிக்கக்கூடிய நொடி என்பதை நினைவில் வைத்தால் குழல் தானாக நேராக நிற்கும்.

போல்ட்டைத் தன் வேகத்தில் போக விடுங்கள். பயந்துபோய்க் கையால் பிடித்து மெதுவாக மூடினால் முழுதாகப் பூட்டாது. ‘மேடையிலிருந்து ஏற்று, முழு வேகத்தில் விடு’ என்ற இரண்டும் சேர்ந்ததுதான் முறை.

ஏற்றிய பிறகு காற்று மாறிவிட்டால் சிலர் தோட்டாவைச் சேம்பரிலேயே வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் காத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து முறை சுட்ட சேம்பர் சூடாக இருக்கும், தோட்டாவிலுள்ள வெடிமருந்து வெந்து குண்டு சற்று உயரப் போகும். பத்துப் புள்ளிக்குப் பதில் ஒன்பது விழும்போது காரணம் தெரியாமல் பார்வைக் கருவியைத் திருகத் தொடங்குவோம், அதோடு சுற்று கெட்டது. காற்றை முதலில் பாருங்கள், பிறகு ஏற்றுங்கள்.

இதை வீட்டில் போலித் தோட்டாக்களோடு பழகுங்கள். உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கட்டையிலிருந்து எடுத்துப் போல்ட் மூடும்வரை எனக்கு முதலில் இருபது விநாடிகள் ஆயின. இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் பழகியதில் எட்டுக்கு வந்தது. நிலை கலையாமல் செய்வதுதான் கணக்கு. ஒரு தோட்டாவுக்கு ஒரு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், அவசரமே இல்லை.

7. பிரைமரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சுடுதளத்தில், குழல் குறிப்பலகைப் பக்கம் இருக்க, தட்டிலிருந்து ஒரு தோட்டாவை ஏற்றிப் போல்ட்டை விடுங்கள். சுடாமல் அதை வெளியே எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். பிரைமரில் ஊசி முனை தொட்டாற்போல ஒரு சிறு பள்ளம் இருக்கும். இது இயல்பு. பள்ளம் ஆழமாக இருந்தால் அந்தத் தோட்டாவை மறுபடி ஏற்றாதீர்கள், துப்பாக்கியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெரியவர் அன்று எனக்குக் காட்டியது இந்தப் பள்ளத்தைத்தான். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி எடுக்கும் பழக்கமும் கூடாது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒரு குத்து விழுகிறது.

தாங்களே தோட்டா தயாரிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பிரைமர் உறையின் அடிமட்டத்துக்கு உள்ளே, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு ஆழத்தில் உட்கார வேண்டும். விரலால் தடவினால் துருத்தல் தெரியவே கூடாது. மெல்லிய மூடியுள்ள பிரைமர்களைத் தவிர்த்து, ராணுவத் தரத்தில் வரும் கடினமானவற்றை, ஏ.ஆர்-15இன் 5.56 மி.மீ. தோட்டாவுக்கு சி.சி.ஐ. நிறுவனத்தின் 41ஆம் எண் போன்றவற்றை, பலர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் மிதக்கும் பின்தான்.

இரண்டாவது எச்சரிக்கைக்கு நான் விலை கொடுத்தேன். 80 கிரெய்ன் குண்டைக் குழலின் உள்முறுக்கு வரிகளைத் தொடும் அளவுக்கு நீட்டிப் பொருத்தியிருந்தேன், அப்போதுதான் துல்லியம் என்று யாரோ சொன்னதை நம்பி. ஏற்றிய சமயம் ‘சுடுவதை நிறுத்து’ என்ற கட்டளை வந்தது. தோட்டாவை வெளியே இழுத்தேன். உறை மட்டும் வந்தது. குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டது, வெடிமருந்து முழுவதும் விசைப் பெட்டிக்குள் கொட்டியது. அன்றைய போட்டி எனக்கு அங்கேயே முடிந்தது. சுத்தம் செய்ய ஒரு மாலை முழுவதும் போயிற்று. குண்டு மாட்டியிருப்பது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழலே பிளந்திருக்கும். நீளத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

8. எம்1 காரண்ட் எடுத்தால்

பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கான போட்டிகளில் காரண்டும் வரும். அதற்கும் ஸ்லெட் கிடைக்கிறது, எட்டுத் தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பின் இடத்தில் உட்காரும். இங்கே அது இன்னும் முக்கியம். இதன் ஃபயரிங் பின்னும் மிதப்பதுதான், ஏ.ஆர்-15இன் பின்னைவிடக் கனமானது. போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் முன்பே வெடித்தால் துப்பாக்கியின் உடலே உடையலாம், உங்கள் முகம் அதற்கு மிக அருகில் இருக்கிறது.

கட்டை விரலையும் காப்பாற்றுங்கள். திறந்திருக்கும் காரண்டின் உள்ளே ஃபாலோயரை விரலால் அழுத்தினால் போல்ட் விடுபட்டு விரலின்மேல் மோதும். நகம் கறுத்தவர்களிடம் கேட்டால் பெருமையாகக் காட்டுவார்கள். வலது உள்ளங்கையின் ஓரத்தால் இயக்குத் தண்டின் கைப்பிடியைப் பின்னுக்கு அணைத்துப் பிடித்துக்கொண்டே எப்போதும் உள்ளே விரல் விடுங்கள்.

சி.எம்.பி.யிடமிருந்தே காரண்ட் வாங்க நினைப்பவர்களுக்கு: குடியுரிமைச் சான்று, இணைக்கப்பட்ட சங்கம் ஒன்றின் உறுப்பினர் அட்டை, துப்பாக்கிப் பயிற்சியில் பங்கேற்றதற்கான சான்று என்று கேட்பார்கள். சங்க அட்டைதான் நாள் எடுக்கும்.

9. போட்டி நாள்

முன்கூட்டியே பெயர் பதிவு செய்யுங்கள். உள்ளூர்ப் போட்டிக்குக் கட்டணம் சுமார் 25 முதல் 50 டாலர். பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், காலையில் வரிசையில் நின்று படிக்காமல் முந்தின நாளே இணையத்திலிருந்து எடுத்துப் படித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கே வரச் சொல்வார்கள். 80 தோட்டாப் போட்டி முடியப் பிற்பகல் ஆகும். ஏனென்றால் நீங்கள் சுடும் நேரம் போக, குறிப்பலகைகளுக்குக் கீழே உள்ள குழியில் மற்றவர்களுக்காகப் பலகையை ஏற்றி இறக்கும் வேலையும் உங்களுடையது. அலபாமாவின் டல்லடேகாவில் போல மின்னணுப் பலகைகள் இருந்தால் இந்த வேலை மிச்சம்.

குழியில் இருப்பவர் ஒவ்வொரு குண்டுக்கும் பலகையை இறக்கி, துளையில் வட்டத் தகடு குத்தி, மறுபடி ஏற்றுவார். பலகை மேலே வரும்வரை நீங்கள் போல்ட்டைத் திறந்தே வைத்திருங்கள். சேம்பர் காலி என்று காட்டும் பிளாஸ்டிக் கொடி ஒன்று வேண்டும், ஓரிரு டாலர்தான். அது இல்லாமல் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடமாட்டார்கள். நான் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று எப்போதும் தொலைந்துபோகும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு, தொப்பி, நிறையத் தண்ணீர். சுடுவதற்கென்று தைத்த தடித்த மேலங்கி 200 டாலரிலிருந்து தொடங்குகிறது, முதல் வருடம் இரவல் வாங்குங்கள். தோல் வார் மட்டும் சொந்தமாக வாங்குங்கள், அது உங்கள் கைக்குப் பழக வேண்டும்.

புதியவர் என்று பதிவு மேசையில் சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்துப் பாயில் போடுவார்கள். இங்கே யாரும் ‘சார்’ எதிர்பார்ப்பதில்லை. எழுபது வயதுக்காரரும் தம் முதல் பெயரைச் சொல்லித்தான் கை கொடுப்பார். எனக்கு அது நாக்கில் வர ஒரு பருவம் ஆயிற்று.

10. ஊருக்குப் போகும் முன் பையை உதறுங்கள்

இந்தியாவுக்குப் போகிற பையும் சுடுதளத்துக்குப் போகிற பையும் ஒன்றாக இருக்கக் கூடாது. உரிமமில்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். பைக்குள் இருந்தது தெரியாது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். அதற்குள் விமானம் போயிருக்கும், கடவுச்சீட்டு போலீஸ் கையில் இருக்கும். சுட்ட வெற்று உறைகூட எக்ஸ்ரே திரையில் உங்களை ஓரமாக நிறுத்திவைக்கும்.

தனிப் பை வாங்குங்கள். அதோடு மேலங்கிப் பை, காலணி, காரின் இருக்கை இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். சூடான உறைகள் எங்கெங்கோ தெறித்து விழும். போன டிசம்பரில் பயணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன், மடிக்கணினிப் பையின் உள் பாக்கெட்டில் பேனாவைத் தேடிய என் மனைவியின் கையில் ஒரு 77 கிரெய்ன் தோட்டா வந்தது. அது எப்படி அங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு வீட்டிலுள்ள எல்லாப் பைகளையும் தலைகீழாக உதறும் வேலை அவருடையது. நான் உதறினேன் என்று சொன்னால் நம்புவதில்லை.